அட்டையில் எஞ்சிய முதலாளி

தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க ஆண்டுகளில் வெளியான படங்களுள் பெரும்பாலானவற்றை இனி எவரும் பார்க்க இயலாது. 1931-இல் வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி எங்கும் கிடைக்கவில்லை. அதன் பின் வந்தவற்றிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவையே தப்பின. அக்காலத்துச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனவை. ஓடி முடிந்த படத்தின் சுருளில் இருந்த வெள்ளிக்கு விலை உண்டு, படத்துக்கு விலை இல்லை என்ற நிலையில் அவை உருக்கப்பட்டன. எரிந்தவை போக, உருகியவை போக, நமக்கு மிஞ்சியவை காகிதச் சான்றுகளே: பாட்டுப் புத்தகம், துண்டு நோட்டீஸ், திரையரங்கின் முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிய காட்சி அட்டைகள்.

இந்தக் காட்சி அட்டைகளை அமெரிக்காவில் லாபி கார்டு என்பார்கள். அங்கே அவை 11 அங்குலத்துக்கு 14 அங்குலம் என்ற அளவில், எட்டு அட்டைகள் கொண்ட தொகுதியாக அச்சாகும். நம் ஊர்களில் அவ்வளவு ஒழுங்கு கிடையாது. நிழற்படத்தை அட்டையில் ஒட்டி, மேலே படத்தின் பெயரையும் கீழே நிறுவனத்தின் பெயரையும் எழுதி அனுப்பினார்கள். உள்ளே போகக் காசில்லாதவர்கள் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று கதையைத் தாமே கோத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய அட்டைகளைச் சேர்த்து வருகிறேன். அதிலும் குற்றக் கதைப் படங்களின் அட்டைகளை மட்டும். பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இது என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு அட்டை சேர்ப்பதாகச் சொல்வதில் வேறொரு சிக்கலும் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் அட்டை என்றால் ஜக்கார்டு அட்டை, சேலைக் கரையின் வடிவத்தைத் தறிக்குச் சொல்லித்தரும் துளையிட்ட அட்டை. பழைய அட்டை இருந்தால் கொடுங்கள் என்று நான் கேட்டதற்கு, மயிலும் யாளியும் துளைகளாக உறைந்திருந்த கட்டொன்றைத் தூக்கிக் கொடுத்த நெசவாளர் ஒருவர் உண்டு. அதையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

குற்றக் கதை நமக்குப் புதிதன்று. பேசும்படம் வருவதற்கு முன்பே ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு ஆகியோர் துப்பறியும் நாவல்களால் ஒரு பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கியிருந்தனர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1935-இலும் ‘சந்திரகாந்தா’ 1936-இலும் படமாயின. வடுவூராரின் ‘மேனகா’ 1935-இல் வந்தது. புராணப் படங்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், இன்றைய உடையில், இன்றைய வீதியில், வக்கீலும் போலீசும் பொய்ப்பத்திரமும் நிறைந்த கதைகளுக்கும் சந்தை இருக்கிறது என்று இவை காட்டின. அந்தச் சந்தையைப் பிற்காலத்தில் ஒரு தொழிற்சாலையின் கணக்கோடு கையாண்டவர் ஒருவர். அவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம். என் அலமாரியில் உள்ள அட்டைகளில் பாதிக்கு மேல் அவர் நிறுவனத்துடையவை என்பது தற்செயலன்று.

திருச்செங்கோட்டில் நூல் வணிகம் செய்த வசதியான குடும்பத்தில் 1907-இல் பிறந்தவர் சுந்தரம். இளம் வயதில் இங்கிலாந்து சென்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். நூலை விற்ற குடும்பத்தின் பிள்ளை, நூலை நெய்யும் எந்திரங்களைப் பற்றிப் படிக்கப் போனது இயல்பானது. அங்கேயே கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்துகொண்டு திரும்பினார். ஊரும் உறவும் இதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்பதை அக்காலத் திருச்செங்கோட்டை அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆலை தொடங்க வேண்டியவர், சேலத்தில் ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தாரோடு கூட்டுச் சேர்ந்து படத் தயாரிப்பில் இறங்கினார். ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘நல்லதங்காள்’ போன்ற படங்கள் அந்தக் கூட்டின் விளைவுகள்.

இந்த இடத்தில் ஒரு பொருளாதார ஆசிரியனால் சும்மா கடந்துபோக முடியாது. 1930-களின் தொடக்கம் உலகப் பெருமந்தத்தின் காலம். விளைபொருள் விலை சரிந்தது, கிராமக் கடன் உறைந்தது, வட்டிக்கும் வணிகத்துக்கும் சுழன்ற பணம் வேறு வழி தேடியது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் பஞ்சாலைகள் பெருகியது இதனால்தான். அதே பணத்தின் ஒரு சிறு கிளை சினிமாவுக்குள் பாய்ந்தது. தமிழ்ப் பட உலகின் முதல் தலைமுறை முதலாளிகளில் நூல், பஞ்சு, பாத்திரம், நிலம் ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப்பார்த்தால் இது விளங்கும். கலை ஆர்வத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆர்வம் மட்டும் ஸ்டூடியோ கட்டாது.

அன்றைய தயாரிப்பாளர்களின் பெருந்துயரம் பயணச் செலவு. தமிழ்ப் படம் எடுக்க நடிகர், பாடகர், பக்கவாத்தியக்காரர், சமையல்காரர் உள்பட ஒரு கூட்டத்தையே பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ கோலாப்பூருக்கோ ரயிலேற்ற வேண்டும். அங்கே வாடகை, தங்கும் செலவு, நாள்தோறும் ஏதாவதொரு தாமதம். சென்னையில் ஸ்டூடியோக்கள் 1934-இலிருந்து எழத் தொடங்கின. சுந்தரமோ சென்னைக்கும் போகவில்லை. ஏற்காடு மலையடிவாரத்தில் பரந்த நிலத்தில் தம் ஸ்டூடியோவைக் கட்டினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், சுருள் கழுவும் ஆய்வகம், தச்சுப் பட்டறை, தையற்கூடம், உணவகம் அனைத்தும் ஒரே மதிலுக்குள் அமைந்தன. முதல் படமான ‘சதி அகல்யா’ 1937-இல் வந்தது.

ஏன் சேலம்? சொந்த மண் என்பது ஒரு காரணம். மலை, ஆறு, காடு எல்லாம் வண்டி தூரத்தில் கிடைத்தன என்பது மற்றொன்று. மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, அங்கே நீர்மின் உற்பத்தியும் தொடங்கவிருந்தது ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் இவை எல்லாவற்றையும் விட முக்கியமானதாக நான் கருதுவது தூரத்தை. சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வந்து தங்கிய நடிகருக்கு மாலையில் வேறு கம்பெனியின் படப்பிடிப்புக்குப் போக வழியில்லை. நேரத்தின் மீதான கட்டுப்பாடு இதனால் முதலாளியின் கையில் இருந்தது. ஆலைப் பொருளாதாரம் அறிந்த ஒருவருக்குத்தான் இது தோன்றும்.

மாடர்ன் தியேட்டர்ஸ் வளாகத்தில் அவர் பெயரே முதலாளிதான். கதை எழுதுபவர், பாட்டு எழுதுபவர், இசையமைப்பவர், துணை நடிகர், மின்பணியாளர் எனப் பலருக்கும் மாதச் சம்பளம். நேரந்தவறாமை அங்கே சட்டம். ஒரு படம் முடியும் முன்பே அடுத்த படத்தின் அரங்கம் எழுந்துகொண்டிருக்கும். கலைஞர் மு.கருணாநிதியும் கண்ணதாசனும் தம் இளமையில் அந்த மதிலுக்குள் வேலை பார்த்தவர்கள். கவிஞனுக்கு வருகைப் பதிவேடா என்று இன்று சிரிக்கலாம். மாதம் பிறந்தால் சம்பளம் கிடைக்கும் என்ற உறுதி அன்றைய நாடகக் கொட்டகைக் கலைஞனுக்கு எத்தகைய விடுதலை என்பதை நெசவாளர்களின் வீட்டுக் கணக்கைப் பார்த்தவர்கள் அறிவார்கள். எங்கள் ஊரில் சேலை முடிந்தால்தான் கூலி. இடையில் மழை வந்து பாவு ஈரமானால் அதுவும் நெசவாளரின் தலையில்தான்.

அவரது படங்களின் பட்டியலில் பல முதன்மைகள் உள்ளன. 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ சேலத்தில் அவர் தயாரிப்பில் உருவானது. இயக்கியவர் எஸ்.நொட்டாணி, ஒளிப்பதிவு செய்தவர் ஒரு ஜெர்மானியர். அந்தப் படத்தின் பிரதியும் இன்று இல்லை. ஒரு மொழியின் முதல் குரல் காற்றோடு போய்விட்டது. சில நிழற்படங்களும் பாட்டுப் புத்தகமும்தான் அது இருந்ததற்குச் சாட்சி. 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் தோன்றச் செய்தார். 1942-இல் ‘மனோன்மணி’ வந்தது. சுந்தரம் பிள்ளையின் நாடகத்தைப் பெருஞ்செலவில் திரைக்குக் கொண்டுவந்த முயற்சி அது.

போர்க்காலம் அவரது நிர்வாகத் திறனைச் சோதித்தது. கச்சாச் சுருள் இறக்குமதி குறைந்தது. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு வரம்பு விதித்தது. போர் முயற்சிக்கு ஆதரவான படங்களும் வேண்டப்பட்டன. 1945-இல் அவர் எடுத்த ‘பர்மா ராணி’ இந்தச் சூழலின் குழந்தை. ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் நிகழும் ஒற்றர் கதை. அதில் ஜப்பானியப் படை அதிகாரியாக அவரே நடித்தார். நேதாஜியின் படையில் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்த நேரத்தில் இப்படியொரு படம் எடுத்தது அன்றும் சிலருக்கு உறுத்தியிருக்கும். எனக்கும் உறுத்துகிறது. சுருளுக்கு உரிமம் தருபவன் அரசு என்னும்போது முதலாளியின் தேர்வு எவ்வளவு குறுகியது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

1950 அவர் வாழ்வின் உச்சமான ஆண்டு என்பேன். எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கத்தில் ‘பொன்முடி’யும் ‘மந்திரி குமாரி’யும் வந்தன. ‘மந்திரி குமாரி’யை முடிக்கும் முன் டங்கன் அமெரிக்கா திரும்பிவிட, எஞ்சியதைச் சுந்தரம் எடுத்து முடித்தார். பகலில் அரசவை மகன், இரவில் கொள்ளைக்காரன் என்ற அந்தப் படத்தின் வில்லன் பாத்திரமும் ஒருவகையில் குற்றக் கதையின் வாரிசே. அதே ஆண்டில் வந்ததுதான் ‘திகம்பர சாமியார்’.

வடுவூராரின் நாவலைச் சுந்தரமே இயக்கினார். ஊரை ஏய்க்கும் வக்கீலின் அக்கிரமங்களை, வேடம் மாறி வேடம் மாறித் துப்பறிந்து வெளிக்கொணரும் சாமியார் கதை. பத்துக்கும் மேற்பட்ட வேடங்களில் எம்.என்.நம்பியார் தோன்றினார். பின்னாளில் திரையில் அவரைக் கண்டாலே பெண்கள் சபிக்கும் அளவுக்கு வில்லனாக நிலைபெற்ற நம்பியார், இங்கே நீதியின் பக்கம் நிற்கும் நாயகன். பொருளாதாரக் கண்ணால் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனமான தேர்வு. பெரிய நட்சத்திரம் தேவையில்லை, அரண்மனை தேவையில்லை, யானை குதிரை தேவையில்லை. மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நாவல், மாதச் சம்பள நடிகர்கள், ஒப்பனைக்காரரின் திறமை ஆகிய மூன்றும் போதும். குற்றக் கதை அவருக்குக் கலைக் கொள்கையன்று, உற்பத்தித் திட்டத்தில் செலவு குறைந்த ஓர் இனம். இதைச் சொன்னால் சினிமா ரசிகர்கள் வருந்துவார்கள். இதில் இழிவு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் படத்தின் அட்டையொன்று எனக்குக் கிடைத்த விதம் சொல்லத்தக்கது. காஞ்சியில் கண்ணாடிச் சட்டம் போடும் கடைகளுக்கு எப்போதும் வேலை உண்டு, கோயில் நகரமல்லவா? சாமி படத்தின் பின்னால் தாங்கலாக வைக்கக் கெட்டி அட்டை வேண்டும். உடைந்துபோன பழைய வரதராஜர் படம் ஒன்றைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது, பெருமாளின் முதுகோடு முதுகாக நம்பியார் நின்றிருந்தார். கடைக்காரர் அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் சில ஊர்ப் பெயர்களும் தேதிகளும் இருந்தன: செங்கற்பட்டு, காஞ்சிபுரம், ஆரணி என்று ஒரு வரிசை. விநியோகஸ்தரின் பெட்டி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போயிற்று என்பதன் பதிவு அது. ஒரு படம் மாவட்டத்துக்குள் எவ்வளவு மெதுவாக இறங்கியது, பட்டுக்கூலி கைக்கு வரும் பருவத்தோடு அது பொருந்தியதா என்றெல்லாம் ஆராய விரும்புபவருக்கு முன்பக்கத்து நம்பியாரைவிடப் பின்பக்கத்துப் பென்சில் எழுத்தே பெருமதிப்புடையது.

இந்த அட்டைகள் தங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அவை விநியோகஸ்தரின் உடைமை. படப்பெட்டியோடு வந்து படப்பெட்டியோடு திரும்ப வேண்டியவை. கடைசிக் கொட்டகையில் கடைசிக் காட்சி முடிந்ததும் அவற்றின் விலை சுழியம். மைக்கேல் தாம்சன் என்ற மானுடவியலாளர் 1979-இல் எழுதிய நூலில், ஒரு பொருள் மதிப்பிழந்து குப்பையாகிக் கிடந்த பின்பே அரும்பொருளாக மறுபிறவி எடுக்கும் என்று விளக்கியிருக்கிறார். குப்பையாகக் கிடக்கும் அந்த இடைக்காலத்தைத் தாண்டியவை மட்டுமே நம் கைக்கு வருகின்றன. இப்போது விலை ஏறியதால் போலிகளும் வருகின்றன. கணினியில் அச்சிட்டுத் தேநீர்க் கறை ஏற்றிய அட்டையைப் பழையது என்று விற்பவர்கள் உண்டு. முகர்ந்து பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பழைய பசைக்கென்று ஒரு வாடை இருக்கிறது.

சுந்தரத்தின் கதைக்குத் திரும்புகிறேன். 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தின் வழியாகத் தமிழுக்கு முதல் முழுநீள வண்ணப்படத்தைத் தந்தார். எம்.ஜி.ஆர். நாயகன். குறித்த நாளில் நாயகன் வராததால் மாற்று ஆளை வைத்துக் காட்சியை எடுத்து முடித்தார் என்ற கதை சேலத்தில் இன்றும் உலவுகிறது. அது எவ்வளவு உண்மையோ, மக்கள் அவரைப் பற்றி எதை நம்ப விரும்பினார்கள் என்பதை அது காட்டுகிறது. 1961-இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ம் அவருடையதே. இடையில் 1960-இல் ‘கைதி கண்ணாயிரம்’ என்று மீண்டும் குற்றக் கதைக்கு வந்தார். தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் தலைவராகவும் இருந்தார். 1963-இல், 56-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் காலத்திலேயே அந்த முறை தளரத் தொடங்கிவிட்டது. நட்சத்திரத்தின் விலை ஏற ஏற, ஆலை முதலாளியின் கை தாழ்ந்தது. ஒரே குரலையும் ஒரே முகத்தையும் ஒரே நேரத்தில் நூறு ஊர்களுக்கு அனுப்ப முடிகிற தொழிலில், முதலிடத்தில் இருப்பவருக்கும் இரண்டாமிடத்தில் இருப்பவருக்கும் இடையே வருமானம் மலைக்கும் மடுவுக்குமாக விலகும் என்று 1981-இல் ஷெர்வின் ரோசன் என்ற பொருளாதார அறிஞர் கட்டுரை எழுதினார். சேலத்து முதலாளி அதை அனுபவத்தில் அறிந்திருப்பார். என்னிடம் உள்ள அட்டைகளிலேயே இதைப் பார்க்கலாம். பழையவற்றில் நிறுவனத்தின் பெயர் கண்ணைப் பறிக்கிறது, நடிகர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. பிற்காலத்தவற்றில் முகம் பெருக்கிறது, நிறுவனம் ஒரு மூலைக்குப் போகிறது.

அவருக்குப் பின் மகன் இராமசுந்தரம் பொறுப்பேற்றார். ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளினார். தந்தை கண்டுபிடித்த சிக்கன இனம் மகனுக்கு வாழ்வளித்தது. 1980-களின் தொடக்கத்தில் நிறுவனம் படத் தயாரிப்பை நிறுத்தியது. வளாகம் மனைகளாயிற்று. ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில், வளைவு நிற்கும் நிலம் யாருடையது என்ற சர்ச்சையில் அது செய்திகளில் இடம்பெற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த நிறுவனம் கடைசியாகச் செய்தியானது ஓர் அளவைக் கல்லின் பொருட்டு.

புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1964-இல்தான் தொடங்கப்பட்டது. சுந்தரம் மறைந்த மறு ஆண்டு. அதற்கு முன் போனவை போனவைதான். பி.கே.நாயர் என்ற தனிமனிதரின் அலைச்சல் இல்லாவிட்டால் இன்னும் பல போயிருக்கும். இங்கே, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாட்டுப் புத்தகங்களைக் காத்து வருகிறது. அந்த நூலகத்தின் அடித்தளமே கோட்டையூரைச் சேர்ந்த ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பு. ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தனின் சேகரிப்பும் அவ்வாறே அவரது தனி முயற்சியால் உருவானது. தமிழ்த் திரையின் நினைவு முழுவதும் சில தனிமனிதர்களின் பிடிவாதத்தின் மேல் நிற்கிறது. அவர்களின் பிள்ளைகள் வீட்டை வெள்ளையடிக்கத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பது தமிழகம் முழுவதும் உள்ள பழைய காகிதக் கடைக்காரர்களுக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் சேகரிப்பின் ஒரு பகுதியை ஒரு பொது நிறுவனத்துக்கு இலவசமாகத் தர முன்வந்தேன். பெயர் வேண்டாம். நூலா, ஏடா, நிழற்படமா என்று கேட்டார்கள். மூன்றும் அல்ல என்றேன். பதிவேட்டில் அதற்குத் தலைப்பு இல்லை என்று பணிவாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அலுவலர் மீது எனக்கு வருத்தம் இல்லை. பதிவேட்டை வகுத்தவர்கள் மீது உண்டு.

புத்தகம் வெளியிடுபவர் குறிப்பிட்ட நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டும் என்று 1954-இலேயே சட்டம் இயற்றிவிட்டோம். இரண்டே ஆண்டுகளில் செய்தித்தாள்களையும் அதில் சேர்த்தோம். படத்துக்கும் அதன் விளம்பரப் பொருள்களுக்கும் அத்தகைய கட்டாயம் இன்றுவரை இல்லை. தணிக்கைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே சுவரொட்டி, காட்சிப்படம், பாட்டு வரி அடங்கிய ஒரு தொகுதியை ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தால் தயாரிப்பாளருக்கு ஆகும் செலவு, ஒரு நாள் படப்பிடிப்பின் தேநீர்ச் செலவைத் தாண்டாது. பழையவற்றுக்கு மாவட்ட மைய நூலகங்களில் ஓர் இரும்பு அலமாரியும் பதிவேட்டில் ஒரு புதிய தலைப்பும் போதும். அட்டைகளின் முன்புறத்தை மட்டுமல்லாமல் பின்புறத்தையும் படியெடுக்கும்படி பணியாளருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.